தாங் குய்லியனின் சுத்தமான அன்னங்கள்

தாங் குய்லியன் தன் வாழ்நாளில் பாதியைக் கடற்பாசி உலர்த்தும் களத்தில் குனிந்தே கழித்தவள். மீதியில் பெரும்பகுதி புருஷன் யுவான் தேஷெங்கோடு வாய்ச்சண்டை போட்டதில் போயிற்று. களத்து வேலை ஓய்ந்தபின், சரி, இனியாவது நிமிர்ந்து பார்ப்போம் என்று நிமிர்ந்தாள். எதிரே விரிகுடா முழுக்க அன்னங்கள் நின்றன. அவை அதற்கு முன்பும் வருஷாவருஷம் குளிர் தொடங்கியதும் வடக்கேயிருந்து வந்து நின்றவைதான். ஆனால் களத்தில் வேலை செய்கிறவள் வானத்தைப் பார்ப்பதே மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான்.

கதைகளில் வரும் அன்னம் பாலையும் நீரையும் பிரித்துக் குடிக்குமாம். எங்கள் விரிகுடா அன்னத்துக்கு அத்தனை நாசூக்கு கிடையாது. தலையைச் சேற்றில் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டி, கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். அந்தக் கடற்புல்லைத்தான் எங்கள் ஊர்ப் பழைய வீடுகளுக்குக் கூரையாக வேய்ந்திருக்கிறது. "நம்ம கூரையத் திங்கறதுக்கு மங்கோலியாவுலேருந்து பறந்து வருதுங்க" என்பார் தேஷெங். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர் அவர். எஞ்சின் இல்லாமல் பறக்கிற எதன்மேலும் அவருக்கு மரியாதை இருந்ததில்லை.

குய்லியன் முதலில் கரைக்குப் போனது படம் எடுக்க இல்லை, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்க. பறவைச் சரணாலயக் கரையில் எங்கெங்கிருந்தோ வந்த ஆட்கள் வரிசையாக முக்காலி நட்டு, அதன்மேல் ஆளுயர லென்ஸ்களை ஏற்றி, மூக்கு ஒழுக நிற்பார்கள். அந்த லென்ஸ்களுக்கு எங்கள் ஊரில் பீரங்கி என்று பேர். கிழங்கு விற்றுக்கொண்டே எட்டிப் பார்த்தவளுக்கு ஒருநாள் யாரோ பீரங்கி வழியே காட்டினார்கள். அன்னத்தின் இமையில் ஒரு பனித்துளி தெரிந்தது. அன்றைக்குக் கிழங்கெல்லாம் கருகிப்போயிற்று.

சிங்தாவ் நகரத்தில் வேலை பார்க்கும் மகள் யுவான் ஷின், தானும் படம் எடுக்க வேண்டும் என்ற அம்மாவின் புலம்பலைப் போனில் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, ஒரு கேமராவை வாங்கி அனுப்பினாள். முதல் வருஷம் குய்லியன் எடுத்த அன்னமெல்லாம் வானத்தில் எறிந்த மாவு உருண்டைகளாக வந்தன. கண்ணும் இல்லை, இறகும் இல்லை, வெறும் வெள்ளை. அதைச் சரிபண்ணக் கற்றுக்கொடுத்தவர் ஹௌ வாத்தியார்.

ஹௌ வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் இல்லை. நகரத்தில் ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கரையிலேயே பெரிய பீரங்கி அவருடையது, ஆகவே அவர் வாத்தியார். படக்குழுவை நடத்துகிறவர் அவர்தான், சட்டம் போடுகிறவரும் அவர்தான். முதல் சட்டம், வெள்ளை வெள்ளையாகவும் இருக்க வேண்டும், இறகும் தெரிய வேண்டும். இரண்டாவது சட்டம், படம் சுத்தமாக இருக்க வேண்டும். மின்கம்பம், மீன்வலை, குப்பைப் பை எதுவும் தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், கழுத்துப் பட்டை தெரியவே கூடாது.

சரணாலயத்து ஆட்கள் சில அன்னங்களைப் பிடித்து, கழுத்தில் நீலநிறப் பிளாஸ்டிக் பட்டை மாட்டி விடுவார்கள். அதில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். எந்தப் பறவை எங்கே போய் எங்கே வந்தது என்று தெரிந்துகொள்ள அது வேண்டும். நல்ல காரியம்தான், ஆனால் படம் எடுக்கிறவர்களுக்கு அது கல்யாண வேட்டியில் விழுந்த குழம்பு.

"பட்டை போட்டா அது நாய்" என்பார் ஹௌ வாத்தியார். "நாயப் படம் எடுக்கவா நான் இந்தக் குளிர்ல வந்து நிக்கறேன்?"

ஆகவே எல்லாரும் பட்டையை அழித்துவிடுவார்கள். கைபேசியில் அதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. விரலால் சுற்றி வளைத்தால் போதும், அந்த இடத்தில் வெள்ளை இறகு வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலையில் குய்லியனை மிஞ்ச ஆள் கிடையாது. கடற்பாசியில் ஒட்டிய பொடிச் சிப்பியை ஆயுசு முழுக்கச் சுரண்டிய விரல் அது. நாலைந்து வருஷத்தில் கரை முழுக்க அவளுக்குப் பேர் பரவியது. "தாங் அக்கா, இந்தக் கழுத்தக் கொஞ்சம் கழுவிக் குடுங்களேன்" என்று பீரங்கிக்காரர்களே கைபேசியை நீட்டுவார்கள். கிழங்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கழுவிக் கொடுப்பாள். பெருமைதான், ஏன் இருக்காது? ஆனால் அவள் எடுத்த படம் ஒன்று எங்கேயாவது சுவரில் தொங்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நிறைவேறாமலே இருந்தது.

சரணாலயத்தில் லூ யான் என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள். பறவைகளின் கணக்கு அவள் பொறுப்பு. "பட்டை நம்பர் தெரிஞ்சா குழுவுல போடுங்க, ப்ளீஸ்" என்று கைபேசிக் குழுவில் வாரம் தவறாமல் கேட்பாள். ஹௌ வாத்தியார் கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்றைப் போடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு கட்டைவிரல் போடுவார்கள். நம்பர் ஒன்றுகூட வராது.

இனி தேஷெங்கின் திருடனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் தேஷெங் சோதனைக்காக ஒரு படகை ஓட்டிப் போனபோது, கைவிடப்பட்ட பாசிக் கயிற்றில் ஓர் அன்னம் சிக்கித் தலை தொங்கிக் கிடந்தது. கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். நன்றி சொல்ல வேண்டிய பறவை இறக்கையை வீசி அவர் மூக்கில் ஒன்று வைத்தது. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக, அதைத் தன் பஞ்சுக் கோட்டில் சுருட்டி எஞ்சின் கொட்டகைக்குக் கொண்டுவந்து, மீன்பெட்டியில் வைக்கோல் போட்டுப் படுக்க வைத்தார். சரணாலயத்து ஆட்கள் மறுநாள் வருவதற்குள் அது அவர் குளிர்காலத்துக்கென்று அடுக்கி வைத்த முட்டைக்கோஸில் ஒரு வரிசையைக் காலி செய்து, கொட்டகை முழுக்க எச்சமும் போட்டு வைத்திருந்தது.

"திருட்டுப் பய" என்று திட்டினார் தேஷெங். திட்டிக்கொண்டே இன்னொரு முட்டைக்கோஸை உரித்துப் போட்டார். இதைக் குய்லியன் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள்.

லூ யான் அதற்கு வைத்தியம் பார்த்து, A08 என்று பட்டை மாட்டி, பனி உருகும் சமயத்தில் பறக்க விட்டாள். இடது இறக்கை லேசாகச் சரிந்தே இருந்தது. "இவ்வளவு தூரம் போயி வர்றது கஷ்டம்தான் அண்ணே, உறுதியா சொல்ல முடியாது" என்றாள். "வந்தா என்ன, வராட்டி என்ன? எனக்கு முட்டைக்கோஸ் மிச்சம்" என்றார் தேஷெங். ஆனால் அந்த மீன்பெட்டியை அவர் கொட்டகையிலிருந்து எடுக்கவில்லை. வைக்கோலை மட்டும் மாற்றினார்.

இந்தக் குளிர்காலம் முதல் அன்னம் இறங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தது விசாரணை. குய்லியன் கரையிலிருந்து வந்து கையுறையைக் கழற்றுவதற்குள் கேட்பார்.

"இன்னைக்கி அந்தத் திருடன் வந்தானா?"

"எந்தத் திருடன்?"

"எத்தன திருடன எனக்குத் தெரியும்? முட்டைக்கோஸ் திருடன்தான்."

"வரல."

"நல்லாப் பாத்தியா, இல்ல கிழங்கு வித்துட்டு வந்துட்டியா?"

"அவ்வளவு அக்கறைன்னா நீயே வந்து பாரேன் கிழவா."

அங்கேதான் தேஷெங் மாட்டிக்கொண்டார். அவருடைய வாய் சும்மா இருந்ததில்லை. கண் இருக்கிறவனுக்கு எதற்குப் பீரங்கி, வாத்துக்குப் பல்லிளிக்கிற கூட்டம், நான் அந்தக் கரையில் காலை வைத்தால் என் பேர் யுவான் இல்லை என்றெல்லாம் சாராயக்கடையில் ஊரறியச் சபதம் போட்டு வைத்திருந்தார். இப்போது கால் துடித்தாலும் வாய் விடவில்லை.

குய்லியன் உண்மையாகவே தேடினாள். இறக்கை சரிந்த, தனியாக ஒதுங்கி நிற்கிற அன்னத்தைக் கண்டால் கிழங்குச் சட்டியை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பட்டையைப் படிப்பாள். அடிபட்ட பறவை ஒண்டியாகத்தானே இருக்கும் என்பது அவள் கணக்கு. கிழவரின் கணக்கும் அதுதான்.

கடுங்குளிர் வந்தது. எங்கள் பக்கத்துக் கடற்காற்று பனியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டும். வர வேண்டிய பறவைகள் எல்லாம் வந்துவிட்டன. தேஷெங் கேட்பதை மெல்ல மெல்ல நிறுத்தினார். ஒருநாள் குய்லியன் வீடு திரும்பியபோது கொட்டகையிலிருந்து கோடரிச் சத்தம் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தாள். மீன்பெட்டியை விறகாக்கி அடுக்கிக்கொண்டிருந்தார் தேஷெங்.

"இடத்த அடச்சுக்கிட்டுக் கெடந்துச்சு" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

 இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாய்விட்டு அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. விறகை அளவாக வெட்டினார், அவ்வளவுதான். அன்று ராச்சாப்பாட்டுக்கு அவள் வஞ்சிர மீன் பூரணம் வைத்து ஜியாவ்சிக் கொழுக்கட்டை செய்தாள். அவர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அதே வாரத்தில்தான் குய்லியனுக்கு அந்தப் படம் கிடைத்தது.

பனி பெய்து ஓய்ந்த காலை, காற்று துளிக்கூட இல்லை. உப்புத் தண்ணீரில் மேய்கிற அன்னங்கள் நல்ல தண்ணீர் குடிக்க ஓடை வாய்க்கு வரும். ஒரு குடும்பம் வந்தது. பெரியவை இரண்டு, சாம்பல் நிறக் குஞ்சுகள் மூன்று. அந்த வருஷத்துக் குஞ்சுகள்தான், ஆனாலும் உருவத்தில் தாய்க்குச் சமமாக வளர்ந்தவை. ஐந்தும் வரிசையாக நின்று குடித்துவிட்டு, ஒரே சமயத்தில் கழுத்தைத் தூக்கின. ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. மேலே ஐந்து, கீழே ஐந்து. குய்லியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். பக்கத்தில் இன்னும் சிலரும் அழுத்தினார்கள், ஆனால் ஹௌ வாத்தியார் உட்பட ஒருவருக்கும் ஐந்து கழுத்தும் ஒன்றாக வாய்க்கவில்லை.

"அக்கா, இதுதான் படம்" என்றார் ஹௌ வாத்தியார், பொறாமையை விழுங்கிக்கொண்டு. "கடைசில நிக்குற பெரிசுக்குப் பட்டை இருக்கு பாருங்க. அதக் கழுவிட்டா போதும்."

படத்தைக் கேமராவிலிருந்து கைபேசிக்கு மாற்றி, விறைத்த விரலால் அங்கேயே கழுவினாள். கைபேசித் திரையில் அந்தப் பட்டை எள்ளளவு தெரிந்தது. என்ன நம்பர் என்று படிக்கத் தோன்றவே இல்லை. குடும்பத்தோடு வந்த பறவையில் அவளுக்குத் தேட என்ன இருக்கிறது? பழக்கத்தில் அடுத்தவர் தோளில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுகிற மாதிரி தட்டிவிட்டாள். கூடவே பக்கத்தில் நின்ற நாலு பேரின் படங்களிலும் கழுத்தைக் கழுவிக் கொடுத்தாள். மெமரி கார்டு நிறைந்திருந்ததால் கழுவாத மூலப் படத்தையும் சேர்த்துப் பழசையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி வெறும் கார்டோடு நின்றாள்.

சரணாலயத்தில் புதிதாகக் கட்டிய பார்வையாளர் கூடத்தில், வருஷப் பிறப்புக்கு முன்னால் ஒரு படக் கண்காட்சி வைத்தார்கள். குய்லியனின் படம் தேர்வாயிற்று. கதவளவுக்குப் பெரிதாக அச்சடித்து, நடுச்சுவரில், கீழே 'தாங் குய்லியன்' என்று பேர் போட்டு மாட்டினார்கள். அவள் தன் பேரைச் சம்பளச் சீட்டிலும் மருந்துச் சீட்டிலும் தவிர வேறெங்கும் அச்சில் பார்த்ததில்லை. அந்தப் பேரை மட்டும் தனியாகப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

'படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது' என்று கண்காட்சிக்கு ஒரு விதி இருந்தது. எல்லாரும் அதற்கு ஒப்புக்கொண்டுதான் படம் கொடுத்தார்கள், ஒருவருக்கும் மனம் உறுத்தவில்லை. கழுத்தைக் கழுவுவதை எங்கள் கரையில் யாரும் நீக்குவதாக நினைத்ததே கிடையாது. முகம் கழுவிக்கொண்டு விருந்துக்குப் போவது ஏமாற்றா?

"நீயும் வா" என்று தேஷெங்கைக் கூப்பிட்டாள் குய்லியன்.

"அந்தக் கரைக்கு வரமாட்டேன்னு சொல்லிருக்கேன்."

"கரைக்கு யாரு கூப்பிட்டா? கூடத்துக்குத்தான் கூப்பிடறேன். கூரை இருக்கு, ஹீட்டர் இருக்கு, வறுத்த வேர்க்கடலை வெக்கிறாங்க."

வேர்க்கடலையா ஹீட்டரா, எது இழுத்ததோ தெரியாது, தேஷெங் வந்தார். உண்மையில் அவளுக்காகத்தான் வந்தார் என்பது என் கட்சி. சவரம் செய்துகொண்டு வந்திருந்தார்.

கூடத்தில் நல்ல கூட்டம். சரணாலயத் தலைவர் பேசினார், அவர் முடித்ததும் ஹௌ வாத்தியார் எழுந்து அவரைவிட நீளமாகப் பேசினார். தேஷெங் கடலையைக் கோட்டுப் பையில் நிரப்பிக்கொண்டு, மனைவியின் படத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்று உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அன்னங்களைப் பார்க்க அவருக்கு மனமில்லை. அப்போது ஒரு கடலை கை நழுவிக் கீழே விழுந்தது. எங்கள் ஊர்க்காரன் விழுந்த கடலையை விட்டுவிட்டுப் போகமாட்டான். தேஷெங் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

குய்லியன் பதறிப்போய் ஓடிவந்தாள். "யோவ் கிழவா, இடுப்பு புடிச்சுக்கிச்சா?"

"சும்மா இரு."

"மானத்த வாங்காத, எழுந்திரு. தலைவர் பாக்கறாரு."

"சும்மா இருங்கறேன்ல!" இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பின்னாலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் தேஷெங். ரத்தம் இறங்கி முகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. "ஏ... சைபர்... எட்டு" என்று படித்தார். பிறகு கூடமே அதிரக் கத்தினார். "ஏ சைபர் எட்டு! கிழவி, திருடன்டீ! நம்ம திருடன்!"

மேலே நின்ற அன்னத்தின் கழுத்துப் பட்டையைக் குய்லியன் கழுவினாள். தண்ணீரில் தெரிந்த கழுத்தை யார் கழுவினார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் காம்பை வெளியே விட்ட கதைதான். கைபேசியில் எள்ளளவு இருந்தது கதவளவுப் படத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாக மின்னியது. மேலே நிற்கிற அன்னத்தின் கழுத்து மாசுமருவற்ற வெள்ளை. கீழே தண்ணீரில் நிற்கிற அன்னத்தின் கழுத்தில் பட்டை, அதில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும், எல்லாம் தலைகீழாக. தலையைக் கவிழ்த்தவருக்கு மட்டும் நேராகத் தெரிந்தது.

குய்லியன் தானும் குனிந்து பார்த்தாள். அடுத்து லூ யான் ஓடிவந்து குனிந்தாள். என்ன ஏது என்று தெரியாமலே பின்னால் நின்றவர்களும் குனிந்தார்கள். கடைசியில் சரணாலயத் தலைவரும் கழுத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெளியே அன்னங்கள் பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தன, உள்ளே நாங்கள்.

"A08தான்!" லூ யான் குனிந்தபடியே கூவினாள். "அண்ணே, உயிரோட இருக்கு! போயிட்டுத் திரும்பி வந்திருக்கு! குஞ்சோட வந்திருக்கு!"

அதற்குள் ஹௌ வாத்தியார் சத்தமில்லாமல் கூட்டத்திலிருந்து நழுவித் தன் படத்துக்குப் போய்த் தண்ணீர்ப் பகுதியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மற்றவர்களுக்கும் பொறி தட்டியது. பீரங்கிக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் தங்கள் படத்தை நோக்கி ஓடினார்கள். ஒருவர் தன் ஜோடி அன்னத்துக்குக் கீழே எதையோ கண்டு, அதை முதுகால் மறைத்துக்கொண்டு, கண்காட்சி முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

தலைவர் நிமிர்ந்தார். விதிப் பலகையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், லூ யானைப் பார்த்தார். லூ யானின் முகத்தில் சிரிப்பும் சங்கடமும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"தாங் அக்கா..." என்று ஆரம்பித்தாள்.

"நாந்தான் கழுவினேன்" என்றாள் குய்லியன். "என்னோடது மட்டும் இல்ல, இங்க தொங்குறதுல பாதி நான் கழுவினதுதான். அது அவங்கவங்க பாடு. என் படத்தக் கழட்டிடும்மா."

சொல்லிவிட்டாளே தவிர, ஆட்கள் ஏணி போட்டு ஏறியபோது அவளுக்கு வலித்தது. நடுச்சுவரில் இரண்டு ஆணியும் அவள் பேர் எழுதிய அட்டையும் மட்டும் மிஞ்சின. அந்த அட்டையையும் அவளே பிய்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். ஆனால் படத்தைக் கீழே இறக்கியதும் தேஷெங் பாய்ந்து வந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இத யாரும் தொடாதீங்க. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம்."

கரையோரமாகவே நடந்தார்கள். கதவளவுப் படத்தை முதுகில் கட்டிக்கொண்டு முன்னால் போன தேஷெங்கைக் காற்று பாய்மரப் படகு மாதிரி தள்ளிக்கொண்டு போயிற்று. கரையில் காலை வைக்கமாட்டேன் என்று போட்ட சபதம் அவருக்கு ஞாபகம் இல்லை. குய்லியனுக்கு இருந்தது, ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

"குஞ்சு மூணா?" என்றார், மூன்றாவது தடவையாக.

"மூணு."

"பக்கத்துல நிக்கறது பொண்டாட்டியா?"

"பொண்டாட்டியோ புருஷனோ, நான் என்ன கல்யாணத்துக்கா போனேன்?"

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்றார். "பெட்டிய ஒடச்சுட்டேனே, கிழவி."

"அஞ்சு பேருக்கு அந்தப் பெட்டி எப்படிப் பத்தும்?" என்றாள் அவள். அவர் சிரித்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. சுவரில் இல்லாமல் போன பேரை அவள் அப்போது மறந்தே போனாள்.

மறுநாள் காலை, வரிசையாக நின்ற முக்காலிகளுக்கு நடுவே யுவான் தேஷெங் நின்றார். ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரும் வேண்டுமென்றே வணக்கம் சொன்னார்கள்.

"யுவான் அண்ணே, உங்க பேரு இப்ப என்ன?"

"நாங்கல்லாம் வாத்துக்குப் பல்லிளிக்கிற கூட்டம் அண்ணே, எங்களோட நிக்கலாமா?"

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். லூ யான் அவர் கோட்டு உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, பறவைங்களுக்கு எதுவும் போடக் கூடாது. கோட்டுக்குள்ள என்ன?"

"என் காலைச் சாப்பாடு."

"முட்டைக்கோஸா?"

"டாக்டர் சொல்லிருக்காரு" என்று சொல்லி, அவள் பார்த்துக்கொண்டிருக்க, பச்சை முட்டைக்கோஸைக் கடித்து மென்றார். பாதி தின்று முடிக்கும் சமயத்தில் அந்தக் குடும்பம் ஓடை வாய்க்கு இறங்கியது. இடது இறக்கை லேசாகச் சரிந்த அன்னம் கடைசியாக வந்தது. தேஷெங்கை ஏறெடுத்தும் பார்க்காமல் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"நன்றி கெட்ட பய" என்றார் தேஷெங், வாய் நிறைய முட்டைக்கோஸோடு. கண்ணிலிருந்து வழிந்ததற்கான பழியைக் காற்றின்மேல் போட்டார்.

இப்போதெல்லாம் கழுத்துக் கழுவ வருகிறவர்களிடம் குய்லியன் ஒரு நிபந்தனை போடுகிறாள். முதலில் நம்பரைச் சத்தமாகப் படித்து லூ யானுக்கு அனுப்ப வேண்டும், அப்புறம்தான் விரல் நகரும். குழுவில் கட்டைவிரல் பொம்மைகள் குறைந்து நம்பர்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. கண்காட்சிக்கு மட்டும் யாரும் கழுவச் சொல்லிக் கேட்பதில்லை.

வருஷப் பிறப்பு முடிந்து ஒருநாள் ஹௌ வாத்தியார் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சுருள். சாப்பாட்டு மேசைக்கு மேலே, சுவர் முழுக்க அந்தப் படம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வானம் கீழே, தண்ணீர் மேலே, அன்னங்கள் ஐந்தும் கூரையிலிருந்து தொங்குகிற மாதிரி. மேல் பாதியில் தண்ணீரில் விழுந்த ஐந்து பிம்பங்கள் மட்டும் நேராக நின்றன, அவற்றில் ஒன்றின் கழுத்தில் நீலப் பட்டை. ஓரத்தில் கசங்கலை நீவி ஒட்டிய ஓர் அட்டை இருந்தது. தாங் குய்லியன் என்ற பேர் அதில் நேராகத்தான் இருந்தது.

வாத்தியாருக்குத் தாங்கவில்லை. "யுவான் அண்ணே, வர்றவங்க சிரிக்கமாட்டாங்களா? இந்தாங்க, என் கார்டுல தேடித் தேடி எடுத்தேன். அன்னிக்கு எடுத்ததுதான், கழுவாத படம்." சுருளை விரித்தார். அதே அன்னம், நேராக, கழுத்தில் பட்டையோடு, A08 என்று பளிச்சென்று தெரிந்தது. வாத்தியார் வாழ்க்கையில் பட்டையோடு அச்சடித்த முதல் படம் அதுவாகத்தான் இருக்கும். "அதக் கழட்டிட்டு இத மாட்டுங்க."

தேஷெங் சுருளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பத்திரமாகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாருக்கு வாத்தியாரே, இத உங்க வீட்டுல மாட்டுங்க" என்றார். "இது நீங்க எடுத்த அன்னம். அது எம்பொண்டாட்டி எடுத்தது."

குய்லியன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நின்னுக்கிட்டே என்ன பேச்சு? ஜியாவ்சி ஆறிப்போவுது, உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள்.